பொட்டு வைத்த பூந்திக் கரண்டி

எங்கள் பட்டறையில் அணு உலைக்குச் சாமான் செய்யப்போகிறோம் என்று கேட்டதும் என் மாமியார், "கரண்டு வருமல்லோ, செய்யுங்க" என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். கரண்டு சரியாக வராமல் மோட்டார் ஓடாத வருடம் அது. அவரவர் கவலை அவரவருக்கு. எனக்கோ அப்போது கவலை என்று ஒன்றும் இல்லை. சிரிப்புத்தான் வந்தது. பின்னால் பயந்த பயத்துக்கு அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் என் மேலேயே எரிச்சல் வரும்.

பட்டறை கோயமுத்தூரில் கணபதி என்கிற இடத்தில் இருந்தது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஒரு லேத், ஒரு மில்லிங் மிஷின், ஒரு ட்ரில்லிங் மிஷின், மூலையில் ஆர்கான் வெல்டிங் செட்டு. பம்பு கம்பெனிகளுக்கும் நூல் மில்லுகளுக்கும் உதிரிப் பாகங்கள் செய்து கொடுத்துக்கொண்டிருந்தோம். வெல்டிங் என் வீட்டுக்காரரின் கைவேலை. அதை வேறு யாரையும் தொட விடமாட்டார். வலது கையில் டார்ச், இடது கையில் கம்பி, பல்லுக்கிடையில், டார்ச் முனையில் மாட்டுகிற சிவப்பு நுனி வைத்த டங்ஸ்டன் குச்சி ஒன்று மாற்றுக்குத் தயாராக. பீடி சிகரெட் தொடாத மனுஷன், ஆனால் எப்போது பார்த்தாலும் வாயில் ஒரு குச்சி இருக்கும். "பல்லு போயிருமுங்க, அப்பறம் முறுக்குத் திங்க முடியாது" என்று கேலி செய்வேன்.

நான் பாலிடெக்னிக் படித்தவள். வரைபடம் போடுவது என் வேலை. ஜன்னலோரம் என் டிராயிங் போர்டு, அதற்குப் பக்கத்திலேயே கிரைண்டிங் கல். அவர் அந்தக் குச்சிகளைக் கூர் தீட்டும்போது பொறி பறக்கும், தூசி என் காகிதத்தில் படியும். தட்டிவிட்டு வரைவேன்.

லேத்தில் ஒரு அண்ணன் இருந்தார். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். அவருடைய அப்பா என் மாமனார் தோட்டத்தில் பண்ணையத்தில் இருந்தவர். இவர் சின்ன வயதிலேயே மண்வெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு டவுனுக்கு வந்து லேத் பழகியவர். எங்கள் மாமனார் எதிரே வந்தால் இன்னும் துண்டு தோளிலிருந்து இறங்கும். பட்டறைக்குள் அதெல்லாம் கிடையாது. அளவு தப்பினால் என்னையும் திட்டுவார், என் வீட்டுக்காரரையும் திட்டுவார்.

அந்த ஆர்டர் கொடுத்தது ஒரு ஆராய்ச்சிக்கூடம். இடத்தின் பெயரை வெளியே சொல்லக் கூடாது என்று என் வீட்டுக்காரர் சத்தியம் வாங்கினார். இத்தனை வருடம் கழித்தும் நான் சொல்லவில்லை, பாருங்கள். அங்கிருந்து இரண்டு அதிகாரிகள் வந்து பட்டறைத் தரையிலேயே சாக்பீஸால் படம் போட்டு விளக்கினார்கள். ஒரு கரைசல் இருக்கிறது. அதை ஓட்டை ஓட்டையாக உள்ள ஒரு தலை வழியாக, அந்தத் தலையை அதிர வைத்துக்கொண்டே, சொட்டுச் சொட்டாக விட வேண்டும். சொட்டு நேராகச் சூடான எண்ணெயில் விழும். விழுந்து இறங்குகிற நேரத்துக்குள் உருண்டையாகி, கெட்டியாகிவிடும். அந்த மணிகளை எடுத்துக் கழுவி, காய வைத்து, உலையில் போட்டுச் சுட்டால் பீங்கான் மாதிரி இறுகிவிடும். கடுகைவிடச் சின்ன மணி. அதைத்தான் குழாயில் அடைத்து அணு உலைக்கு எரிபொருளாகப் போடுவார்களாம். எங்கள் வேலை அந்த ஓட்டைத் தலையைச் செய்வது.

அவர்கள் சொல்லி முடித்ததும் அண்ணன் என்னைப் பார்த்தார். நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் கேட்டே விட்டார். "பூந்திங்களா?"

அதிகாரிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "பூந்திதாங்க. ஆனா தின்னக் கூடாது" என்றார் ஒருவர். அன்றிலிருந்து அந்தச் சாமானுக்குப் பட்டறையில் பூந்திக் கரண்டி என்றே பெயர்.

ஓட்டை போடுவதற்குள் அண்ணனுக்கு உயிர் போய்விட்டது. தலைமுடி நுழைகிற அளவுக்கு ஓட்டை, எல்லாம் ஒரே அளவு, உள்ளே ஒரு பிசிறு இருக்கக் கூடாது. எங்கள் பக்கத்துப் பட்டறைகளில் ஒன்று கேட்டால் இரண்டாகச் செய்துவிடுவது வழக்கம். ஒன்று கை விட்டால் இன்னொன்று கை கொடுக்கும். அப்படியே இதையும் ஜோடியாகச் செய்தோம். சாயத் தண்ணீரை விட்டுப் பார்த்தோம், சொட்டுகள் எல்லாம் ஒரே அளவில் விழுந்தன. அதிகாரிகள் இரண்டையுமே வாங்கிக்கொண்டு போனார்கள். எண் குத்தட்டுமா என்று கேட்டதற்கு, வேண்டாம், எண் குத்தினால் அந்தப் பள்ளத்தில் கரைசல் தங்கும் என்று சொல்லிவிட்டார்கள். ஒன்றுக்கும் மற்றதற்கும் பெற்ற எங்களாலேயே வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது.

கொஞ்ச மாதம் கழித்து, அதில் ஒரு தலையில் ஓட்டை அடைத்துக்கொள்கிறது, கொஞ்சம் பெரிது பண்ணித் தாருங்கள் என்று ஒரு மரப்பெட்டி வந்தது. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் லாரி ஆபீஸிலிருந்து எடுத்து வந்தோம். நோம்பி முடிந்து பார்த்துக்கொள்ளலாம் என்று என் வீட்டுக்காரர் அதை அலமாரியில் வைத்தார். எனக்கு அப்போது ஐந்தாம் மாதம். அதற்கு முன்னால் ஒன்று மூன்றாம் மாதத்திலேயே கலைந்திருந்தது. அதனால் இந்தத் தடவை நடப்பது, உட்காருவது, தும்முவது எல்லாவற்றிலுமே எனக்கு ஒரு ஜாக்கிரதை.

கோயமுத்தூர்ப் பட்டறைகளில் தீபாவளியைவிடப் பெரிது ஆயுத பூஜை. லேத்தைச் சீமெண்ணெய் போட்டுத் துடைத்து, வாழைக்கன்று கட்டி, ஸ்பேனர் முதல் அளவுகோல் வரைக்கும் வரிசையாக அடுக்கிச் சந்தனம் குங்குமம் வைப்போம். ஒரு சாமான் விட்டுப்போனாலும் அது வருடம் முழுக்க மக்கர் பண்ணும் என்பது எல்லோருக்கும் நம்பிக்கை. படித்த எனக்கும்தான். அன்று காலை என் வீட்டுக்காரர் பூ மார்க்கெட்டுக்குப் போயிருந்தார். அண்ணன் அலமாரியிலிருந்த பெட்டியை இறக்கித் திறந்தார். உள்ளே தடிப் பாலிதீன் உறை, அதற்குள் இன்னொரு உறை, சுற்றி டேப்.

"இதென்னங்க அம்மிணி, கட்டிப் போட்ட கோழியாட்ட கெடக்குது? நம்ம கையில பொறந்த சாமான். மூடி வெச்சா எப்படிங்க பொட்டு வெக்கறது?" என்றார்.

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. பிளேடால் கீறி இரண்டு உறையையும் பிரித்தார். ஓட்டைகளில் மஞ்சளாக ஏதோ காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. "அழுக்கோட சாமிக்கு வெக்கலாமுங்களா" என்று மெல்லிய கம்பியால் குத்தி, உள்ளங்கையில் தட்டி, வாயால் ஊதினார். மஞ்சள் தூள் பறந்து மேஜை மேலெல்லாம் விழுந்தது. மேஜை மேல்தான் சந்தனம் கரைத்த பித்தளைத் தட்டு இருந்தது.

அந்தத் தட்டிலிருந்து நான் பூந்திக் கரண்டிக்குப் பொட்டு வைத்தேன். பிறகு லேத்துக்கு, மில்லிங் மிஷினுக்கு, என் டிராயிங் போர்டுக்கு. குடும்பத்தோடு வந்திருந்த வேலைக்காரர்கள் நெற்றிக்கு, அவர்களுடைய குழந்தைகள் நெற்றிக்கு, கடைசியாக என் நெற்றிக்கு. அதே கையால் பொரி, கடலை, வெல்லம் எல்லாம் கலந்து பொட்டலம் கட்டினேன். கலக்கும்போதே நாலு வாய் தின்றேன். என் வீட்டுக்காரர் பூவும் பூசணிக்காயுமாக வந்து, வரிசையில் இருந்த கரண்டியைப் பார்த்து, "அட, இதையும் பிரிச்சாச்சா" என்றார். அவ்வளவுதான். பூசணிக்காய் உடைக்கப் போய்விட்டார்.

மறுநாளும் விடுமுறை. அதற்கு அடுத்த நாள் காலையில் பட்டறைப் போன் அடித்தது. எடுத்தது நான். ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து ஒரு ஆண் குரல். பெட்டி வந்ததா என்று கேட்டது. வந்தது என்றேன்.

"உறையைப் பிரிக்கலைதானே மேடம்?"

"பிரிச்சுப் பொட்டு வெச்சாச்சுங்களே."

"பொட்டா?" என்றது குரல்.

விஷயம் இதுதான். அவர்களிடம் இருந்த இரண்டு தலைகளில் ஒன்று ஒத்திகைக்கு மட்டும் பயன்பட்டது. இன்னொன்று கதிர்வீச்சு உள்ள நிஜச் சரக்கு ஓடின தலை. ஒத்திகைத் தலையைத்தான் எங்களுக்கு அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பினது அதுதானா என்று உறுதிசெய்து கொண்டிருக்கிறார்களாம். பயப்பட ஒன்றுமில்லை, ஆனாலும் தொடாமல் மூடி வைத்துவிடுங்கள், அடுத்த வாரம் ஆள் வந்து பார்ப்பார் என்று சொல்லி வைத்துவிட்டார். பயப்பட ஒன்றுமில்லை என்று ஒரு அதிகாரி சொன்னால் அப்புறம் பயப்படாமல் எப்படி இருப்பது?

போனை வைத்துவிட்டு என் வலது கையைப் பார்த்தேன். நகக்கண்ணில் மஞ்சளாக ஒரு கோடு. சந்தனம்தான் என்று ஒரு மனம் சொன்னது. இன்னொரு மனம் சும்மா இருக்கவில்லை. குழாயடிக்குப் போய் சோப்பு, புளி, மரத்தூள் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் போட்டுத் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க அந்தக் கோடு இன்னும் தெரிகிற மாதிரியே இருந்தது.

விஷயத்தைச் சொன்னதும் என் வீட்டுக்காரருக்கு முகம் வெளுத்துப் போனது. ஆனாலும், "பொட்டாட்ட இரு கண்ணு, வாயத் தொறக்காத. ஒண்ணும் இருக்காது. வெளிய சொல்லிப்போட்டம்னா ஊரே பத்திக்கும்" என்றார்.

"அண்ணனுக்குச் சொல்லோணுமுங்க."

"ஆளு வந்து பாத்துட்டுப் போகட்டும். பொறகு சொல்லிக்கலாம்."

"அவரு வாயில ஊதுனாருங்க! அவரு கொழந்தைக நான் கொடுத்த பொரியத் தின்னுதுக!" என்று கத்தினேன். அவர் சட்டைப் பையைத் தடவிக்கொண்டு நின்றார். கோபத்தில் அன்று மத்தியானம் அவருக்குச் சோறு போடவில்லை. எனக்கும்தான் இறங்கவில்லை.

அண்ணன் அன்று லீவு போட்டிருந்தார். நான் டவுன் பஸ் ஏறிச் சரவணம்பட்டியில் இருந்த அவர் வீட்டுக்கே போனேன். சோளக்காட்டை ஒட்டி வீடு. அவர் இல்லை, அவர் மனைவி இருந்தார். சொல்ல வாய் வரவில்லை. பொரியில் பூச்சி இருந்ததாம், கடைக்காரர் சொன்னார், மிச்சம் இருந்தால் கொடுத்துவிடுங்கள் என்று ஒரு பொய்யைச் சொன்னேன்.

அவர் மனைவி சிரித்தார். "பொரியத் திருப்பிக் கேக்கற மொதலாளியம்மாவ இன்னைக்குத்தானுங்க பாக்கறேன். அதெங்கீங்க இருக்குது? பாதிய அன்னைக்கே தின்னுபோட்டம். மீதிய பையன் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்ட்டான், கூட்டாளிகளுக்குக் கொடுக்கறேன்னு."

பள்ளிக்கூடம்! ஓட்டைத் தலையிலிருந்து பட்டறைக்கு, பட்டறையிலிருந்து வீட்டுக்கு, வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு. என் கையிலிருந்து கிளம்பி அது எங்கெல்லாம் போய்க்கொண்டிருக்கிறது என்று நினைத்ததும் அங்கேயே தள்ளாடி உட்கார்ந்துவிட்டேன். மாசமாக இருப்பவள் வெயிலில் வந்ததால் மயக்கம் என்று நினைத்து அந்த அம்மாள் மோர் கொண்டுவந்தார். டம்ளரை இடது கையால் வாங்கினேன். அவர் அதைக் கவனித்தார்.

பஸ் நிறுத்தத்துக்குத் திரும்பும் வழியில் எதிரே அண்ணன் சைக்கிளில் வந்தார். அங்கேயே நிறுத்தி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் சைக்கிளை ஸ்டாண்டு போட்டார். தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார்.

"உள்ள போயிருந்தா என்னங்க ஆகும்?"

"எனக்குத் தெரியலீங்ணா."

"ரத்தம் ரத்தமா வாந்தி எடுப்பாங்கன்னு சொல்றாங்களேங்க?"

"தெரியலீங்ணா" என்று மறுபடியும் சொன்னேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவருக்கு என்னைத் தேற்றுவதா, தன்னைத் தேற்றிக்கொள்வதா என்று தெரியவில்லை. "ஊட்டுல சொல்லீராதீங்க அம்மிணி. அவ பயத்துலயே செத்துருவா" என்றார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தே போனார். ஏறி மிதிக்கவில்லை.

ஆள் வருகிற வரைக்கும் நான் எப்படி இருந்தேன் என்பதைச் சொன்னால் இப்போது சிரிப்பார்கள். கரண்டியால் சாப்பிட்டேன். "கையில என்னம்மிணி?" என்று மாமியார் கேட்டதற்கு, சுட்டுக்கொண்டேன் என்று சொன்னேன். ஏழாம் மாதம் கட்டுச்சோறு விருந்து வைப்பதற்கு ஒறம்பரை, சொந்தபந்தத்துக்கெல்லாம் சொல்லி அனுப்புவது பற்றி அவர் பேசிக்கொண்டே இருப்பார். புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு என்று அடுக்குவார். ஏழாம் மாதம் என்ற சொல்லைக் கேட்டாலே நான் எழுந்து உள்ளே போய்விடுவேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கு மஞ்சளாக இருந்ததெல்லாம் பேய். பருப்பு, எலுமிச்சம்பழம், வாசல் நிலையில் பூசியிருந்த மஞ்சள். கண்ணாடியில் நெற்றியைப் பார்ப்பேன், பொட்டு வைத்த இடம் வெந்திருக்கிறதா என்று.

எல்லாவற்றையும்விட மோசம் இது. குழந்தை லேசாக அசைய ஆரம்பித்திருந்த சமயம். அந்த வாரம் அசைகிற மாதிரியே தெரியவில்லை. கட்டிலில் படுத்துக்கொண்டு அசைகிறதா என்று பார்க்க வயிற்றில் கை வைப்பேன். வைத்த மறு நொடி வெடுக்கென்று எடுத்துவிடுவேன். அது அந்தக் கை அல்லவா. இடது கையை வைத்துப் பார்ப்பேன். பழக்கமில்லாத கைக்கு ஒன்றும் தெரியாது. என் குழந்தையை என் கையாலேயே தொட முடியவில்லையே என்று அழுவேன்.

பட்டறையில் அளவு தப்பினாலும் அண்ணன் யாரையும் திட்டவில்லை. டிபன் பாக்ஸ் திறக்கப்படாமலே வீட்டுக்குத் திரும்பிப் போனது. லேத் ஓடிக்கொண்டிருக்கும்போதே கை நின்றுவிடும், எங்கேயோ பார்ப்பார். ஒரு நாள் இருமினார். தூசிக்கு எல்லோரும் இருமுவதுதான். ஆனால் அவர் இருமியதும் நான் பென்சிலைக் கீழே போட்டேன், அவர் கைக்குட்டையை விரித்துப் பார்த்தார், என் வீட்டுக்காரர் வெல்டிங்கை நிறுத்தினார். கைக்குட்டையில் ஒன்றும் இல்லை. மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வேலையைத் தொடர்ந்தோம்.

ஆள் வந்தார். வந்தது ஒரு பெண், என் வயதுதான் இருக்கும். சுடிதார், தோளில் ஒரு பை, கையில் டிபன் கேரியர் அளவுக்கு, கதிர்வீச்சை அளக்கிற ஒரு பெட்டி. பெட்டியின் மூடியைத் திறந்து ஏதோ திருகினார். டிக் என்றது. நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். மறுபடியும் டிக்.

"இது சும்மாவே அப்படித்தாங்க சத்தம் போடும். மண்ணு, சுவரு, வானம் எல்லாத்துலயும் கொஞ்சம் இருக்கு" என்றார் அவர். "இந்தச் சத்தம் வேகமா வந்தாத்தான் நாம பார்க்கணும்."

மூடி வைத்திருந்த பூந்திக் கரண்டியை எடுத்து, அந்தப் பெட்டியிலிருந்து வயரில் தொங்கிய குழாயை அதன் மேல் மெல்லக் கொண்டுபோனார். டிக். டிக். அதே சத்தம், அதே நிதானம். ஓட்டை ஓட்டையாகப் பார்த்தார். திருப்பிப் போட்டுப் பார்த்தார்.

"ஒத்திகைத் தலைதான். நிஜச் சரக்கு விலை அதிகம், எடுத்தவுடனே அதை ஓட்ட மாட்டோம். அதுக்குப் பதிலா சீரியம்னு ஒண்ணை வெச்சு ஓட்டிப் பார்ப்போம். அதுவும் மஞ்சளாத்தான் காயும். ஆபத்து இல்லை."

அண்ணன் அப்படியே லேத் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டார். நான் விடவில்லை. "என்னையும் பாருங்க" என்றேன். அவர் என் நெற்றியைப் பார்த்தார். வலது கையை, ஒவ்வொரு நகமாகப் பார்த்தார். வயிற்றுப் பக்கம் கொண்டுபோனபோது கண்ணை மூடிக்கொண்டேன். டிக். வெகுநேரம் கழித்து டிக். இன்னொரு தடவை பாருங்கள் என்றேன், பார்த்தார். இன்னும் ஒரு தடவை என்றேன். ஒரு சொல் கடிந்து பேசாமல் அதையும் செய்தார். அண்ணனின் உள்ளங்கை, மூக்கு, வாய் எல்லாம் பார்த்தார். அவர் வீட்டுக்கும் போய்க் குழந்தைகளைப் பார்க்க முடியுமா என்று கேட்டேன். தலை சுத்தமாக இருக்கும்போது தேவையே இல்லை, ஆனாலும் உங்கள் மன நிம்மதிக்காக வருகிறேன் என்றார். அந்தப் பெண்ணை நான் இன்றும் சாமி கும்பிடும்போது நினைத்துக்கொள்கிறேன்.

அப்போதுதான் வலது கையை எடுத்து வயிற்றில் வைத்தேன். எடுக்கவில்லை.

என் வீட்டுக்காரர் முகமெல்லாம் பல்லாக, டீ டம்ளரோடு அந்தப் பெண்ணிடம் வந்தார். பெட்டியை இன்னும் அணைத்திருக்கவில்லை, குழாய் அந்தப் பெண்ணின் கையிலேயே இருந்தது. டீயை நீட்டக் குனிந்தார்.

டிக்டிக்டிக்டிக்டிக்.

எண்ணெயில் கடுகு போட்ட மாதிரி பொரிந்தது சத்தம். அவர் நிமிர்ந்தார், சத்தம் குறைந்தது. அந்தப் பெண் டீயை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, "ஒரு நிமிஷம் நில்லுங்க சார்" என்று குழாயை அவர் மார்புக்கு நேராகக் கொண்டுபோனார். மறுபடியும் பொரிந்தது. "பையில என்ன இருக்கு?"

பேனா இருந்தது. அதோடு சிவப்பு நுனி டங்ஸ்டன் குச்சிகள் இருந்தன. எப்போதும் இருப்பவை.

அந்தப் பெண் குச்சிகளை எடுத்து மேஜை மேல் வைத்துப் பார்த்தார். பொரிந்தது. கிரைண்டிங் கல்லுக்குப் போனார். அங்கே அடியில் குவிந்திருந்த தூசி மேல் கொண்டுபோனபோது சத்தம் அந்த அளவுக்கு இல்லை, ஆனால் நிதானம் போயிருந்தது. அங்கிருந்து என் டிராயிங் போர்டு எத்தனை தூரம் என்று கண்ணால் அளந்தார். நானும் அளந்தேன்.

"சிவப்பு நுனின்னா தோரியம் கலந்திருக்கு. பொறி நல்லா நிக்கணும்னு கலப்பாங்க. கடையில சாதாரணமா விக்கறதுதான். பையில வெச்சிருக்கறதால பெருசா ஒண்ணும் ஆயிடாது. கூர் தீட்டற தூசி மூக்குல போகக் கூடாது. வாயில வைக்கவே கூடாது. வைக்கறதில்லையே?"

அண்ணன் என்னைப் பார்த்தார். "வாயிலதானுங்க வெப்பாரு. நாங்க கல்யாணம் பண்ணறதுக்கு முன்னாடி இருந்தே" என்றேன்.

"பயப்பட ஒண்ணுமில்லை. இனிமே வேண்டாம், அவ்வளவுதான்" என்றார் அந்தப் பெண். மூடியை மூடினார். எங்கே இருக்கும் என்று நாங்கள் உயிரைப் பிடித்துக்கொண்டு தேடினோமோ அங்கே ஒன்றும் இல்லை. என் பக்கத்திலேயே, நான் சோப்புப் போட்டு அலசுகிற சட்டையில் இருந்திருக்கிறது. அதைக் குற்றம் சொல்லவும் முடியவில்லை. உக்கடம் போனால் எந்தக் கடையிலும் கிடைக்கிற குச்சி.

மறுநாளே என் போர்டைச் சண்டை போட்டு மாடிக்கு மாற்றினேன். கல்லுக்குத் தண்ணீர் சொட்டுகிற மாதிரி ஒரு டப்பாவைக் கட்டிவிட்டார் அண்ணன். குச்சிகளுக்கு மூடி போட்ட ஒரு தகர டப்பா வாங்கினேன். ஆனால் என் வீட்டுக்காரர் வாய் மட்டும் திருந்தவில்லை. வெல்டிங்கில் இறங்கிவிட்டால் கை தானாகக் குச்சியைப் பல்லுக்குக் கொடுக்கும். நான் மேலிருந்து பார்த்துவிட்டுக் கத்துவேன். "பழக்கம் கண்ணு. அந்தப் புள்ளதான் ஒண்ணுமில்லைன்னு சொல்லுச்சல்லோ" என்று சிரிப்பார். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று வாய் வரைக்கும் வரும். சுடுகாடு என்ற சொல்லை அவரைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அவர் இருமும்போதெல்லாம் நான் மட்டும் தனியாகப் பயந்துகொண்டிருந்தேன். மரப்பெட்டி வந்த வாரம் மூன்று பேராகப் பயந்தோம். அதற்குப் பிறகு நான் ஒருத்திதான்.

மாசி மாதம் மகள் பிறந்தாள். முழுசாக, நல்ல கனமாகப் பிறந்தாள். விரல்களை நான் எண்ணிப் பார்த்தேன், செவிலியம்மா எண்ணினார், அண்ணன் பார்க்க வந்தபோது அவரும் எனக்குத் தெரியாமல் எண்ணிப் பார்த்தார்.

அடுத்த ஆயுத பூஜைக்கு அவளுக்கு உட்காரத் தெரியும், தவழத் தெரியும், கைக்குக் கிடைத்ததை வாயில் வைக்கத் தெரியும். பட்டறையில் பாய் விரித்துச் சாமான்களை அடுக்கியிருந்தோம். ஒரு சாமான் விட்டுப்போகக் கூடாது என்று என் வீட்டுக்காரர் தகர டப்பாவைத் திறந்து டங்ஸ்டன் குச்சிகளையும் ஒரு தட்டில் வைத்துவிட்டார். நான் சந்தனம் கரைத்துக்கொண்டிருந்தேன். அவர் தேங்காயோடு நின்றுகொண்டிருந்தார். குழந்தை ஸ்பேனரைத் தாண்டி, மினுக்கிய பித்தளையைத் தாண்டி, நேராகப் போய் ஒரு சிவப்பு நுனிக் குச்சியை எடுத்தாள். குறுக்காகப் பிடித்தாள், அவள் அப்பா பிடிப்பது போலவே. இருந்த இரண்டு பல்லுக்கு நடுவில் வைத்துக் கடித்துக்கொண்டு அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

நான் எழுந்திருப்பதற்குள் அவர் பாய்ந்திருந்தார். தேங்காய் எங்கேயோ உருண்டது. குச்சியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அவள் வாய்க்குள் விரலை விட்டுத் துடைத்தார், வேட்டி நுனியால் துடைத்தார், குழாயடிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். அவள் வீறிட்டு அழுதாள். நல்ல நாளும் அதுவுமாகக் குழந்தையை அழ வைக்கிறார்கள் என்று மாமியார் திட்டினார். நான் குழாயடிக்குப் போனபோது அவர் ஈரக் கையோடு அவளை மார்பில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஒண்ணும் ஆகாதல்லோ கண்ணு?" என்று என்னைக் கேட்டார்.

எனக்கும் தெரியவில்லை. ஆகாது என்று சொல்லிவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு அவர் எந்தக் குச்சியையும் வாயில் வைத்து நான் பார்த்ததில்லை. குழந்தை அழுது முடித்து விக்கிக்கொண்டிருந்தது. ஒரு வருடமாக நான் தனியாகச் சுமந்த பயத்தில் பாதியை அவர் அன்றைக்கு வாங்கிக்கொண்டார்.